எந்தப் பூச்சிக்கு எந்த ஊர்?

சென்ற இதழில் கரையான் புற்றைப் பற்றி வெளிவந்த பதிலைப் படித்துவிட்டு, கொங்கு வட்டாரத்திலிருந்து வாசகர்கள் எழுதிய கடிதங்கள் ஒரு கட்டாகச் சேர்ந்துவிட்டன. ஒரு பூச்சி ஓர் ஊரில் பெருகுவதும் பக்கத்து ஊரில் தலைகாட்டாமல் இருப்பதும் எதனால் என்பதையே அவற்றுள் பல ஏதோ ஒரு வகையில் கேட்கின்றன. ஆகவே இம்முறை இந்தப் பகுதியை அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: உதகையிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு உருளைக்கிழங்கும் கேரட்டும் ஏற்றி வரும் லாரியை ஓட்டுகிறேன். கீழே இரவில் வண்டிக்குள் படுத்தால் கொசு தூங்கவிடுவதில்லை. மேலே ஒரு கம்பளி இருந்தால் போதும், கொசுவத்தி தேவைப்படுவதில்லை. குளிரில் கொசு செத்துவிடுமா ஐயா?
— ஓட்டுநர், மேட்டுப்பாளையம்

பதில்: பெரும்பாலும் சாவதில்லை, வளர்ந்து முடிப்பதற்கு அதற்கு நாள் போதுவதில்லை. மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பம் 6 முதல் 6.5 டிகிரி வரை குறையும் என்பது பொதுக் கணக்கு. நீங்கள் கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டு ஏறும் அந்தச் சில மணி நேரத்துக்குள் 12 டிகிரி அளவுக்கு வெப்பம் இறங்கிவிடுகிறது.

நம் உடம்பைப் போலத் தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் திறன் கொசுவுக்கு இல்லை. காற்றும் தண்ணீரும் எந்தச் சூட்டில் இருக்கின்றனவோ, அந்தச் சூட்டில்தான் அதன் உடம்பும் இருக்கும். ஒவ்வொரு பூச்சியினத்துக்கும் அதற்குக் கீழே வளர்ச்சி நின்றுபோகும் ஒரு வெப்பநிலை உண்டு. பலவற்றுக்கு அது 10 டிகிரியை ஒட்டி இருக்கிறது. அதற்கு மேலே கிடைக்கும் ஒவ்வொரு டிகிரியையும் பூச்சி நாட்கூலியைப் போலச் சேர்த்து வைத்துக்கொள்கிறது என்று சொல்லலாம். விளக்கத்துக்காக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முட்டையிலிருந்து சிறகு முளைப்பது வரை மொத்தம் 180 டிகிரி சேர வேண்டும் என்று வைத்துக்கொண்டால், சராசரி 28 டிகிரி உள்ள ஊரில் நாளொன்றுக்கு 18 வீதம் பத்தே நாளில் கணக்குத் தீர்ந்துவிடும். சராசரி 15 டிகிரி உள்ள ஊரில் நாளொன்றுக்கு 5 வீதம் 36 நாள் ஆகும். அந்த 36 நாளைக்குள் குட்டை வற்றலாம், தும்பியின் இளம் உயிரி புழுவைத் தின்றுவிடலாம், பெருமழை வந்து எல்லாவற்றையும் அடித்துச் செல்லலாம். குளிர் நேரடியாகக் கொல்வதைவிட இப்படி நாளை இழுத்தடித்துக் கொல்வதே அதிகம்.

உதகையில் கொசுவே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். குளிரைப் பொறுக்கும் இனங்கள் அங்கும் உண்டு. ஆனால் கொசு இருப்பதும் கொசுவால் நோய் வருவதும் வேறு வேறு. மலேரியாக் கிருமி கொசுவின் வயிற்றுக்குள் வளர்ந்து முதிர்வதற்கும் வெப்பம் வேண்டும். ஒருவகைக் கிருமிக்கு 16 டிகிரி அளவிலும் மற்றொரு வகைக்கு 18 டிகிரி அளவிலும் அந்த வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடுகிறது. 20 டிகிரியில் கிருமி முதிர மூன்று வாரத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு நாள் உயிரோடு இருக்கும் கொசு குறைவு.

இதில் நம் மலைக்கு ஒரு வரலாற்றுத் தொடர்பும் இருக்கிறது. கொசுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள உறவைத் தேடிக்கொண்டிருந்த மருத்துவர் ரொனால்ட் ராஸ் 1897 ஆம் ஆண்டு கோடையில் உதகைக்கு வந்தார். உதகை காய்ச்சலுக்கு அஞ்ச வேண்டாத ஊராக இருந்தது. அதன் வடபுறம் சரிந்து இறங்கும் சீகூர்க் கணவாயோ காய்ச்சலுக்குப் பெயர்போன பகுதி. அங்கே கல்லட்டிக்கு இறங்கித் தங்கியபோது அவரையே மலேரியா பிடித்துக்கொண்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் ஒரு கொசுவின் வயிற்றில் அவர் அக்கிருமியைக் கண்டார். ஒரே மலையில் மேலே நலமும் கீழே காய்ச்சலும் இருந்ததைப் பார்த்தவருக்கு, நோயைக் கொண்டு வருவது எதுவாயினும் அதற்கு உயரத்தில் ஓர் எல்லை உண்டு என்பது தன் உடம்பாலேயே விளங்கியிருக்கும்.

கேள்வி: மானாவாரி நிலக்கடலை போடும் குடும்பம் எங்களுடையது. சித்திரை முழுவதும் ஒரு பூச்சியைக்கூடப் பார்க்க முடியாத காட்டில், நல்ல மழை பெய்த மறுநாளே ஈசலும், அடுத்த ஓரிரு நாளில் வெள்ளை அந்துகளும் விளக்கை மொய்க்கின்றன. அதுவரை அவை எங்கே இருந்தன?
— ஆசிரியை, வெள்ளகோவில்

பதில்: உங்கள் காலுக்கு அடியில் இருந்தன. வெளிமாவட்ட வாசகர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன்: கொங்கு நாட்டில் காடு என்றால் மழையை நம்பி உழும் மேட்டு நிலம், கிணற்றுப் பாசனம் உள்ளது தோட்டம். அந்தக் காட்டில் வாழும் பூச்சிக்கு வெயிலைவிடக் கொடிய பகை வறட்சி. சிறிய உடம்பில் உள்ள நீர் குறைவு; அந்த நீர் ஆவியாகிப் போகும் மேற்பரப்போ, உடம்பின் அளவோடு ஒப்பிட்டால் மிகப் பெரிது. ஓட்டின் மேல் மெழுகுப் பூச்சு இருந்தாலும் மூச்சுத் துளைகள் வழியே நீர் போய்க்கொண்டேதான் இருக்கும்.

மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையைத் தன் மறுபக்கத்திலேயே பிழிந்துகொள்வதால், கொங்குச் சமவெளி மழைமறைவுப் பகுதியாக நின்றுவிட்டது. கோவையில் ஆண்டு முழுவதற்கும் 650 முதல் 700 மில்லிமீட்டர் வரைதான் மழை. ஆனைமலை மேலே வால்பாறைப் பக்கம் அதைப் போலப் பல மடங்கு கொட்டுகிறது. அங்குள்ள சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே மிகுதியான மழை பெறும் இடங்களுள் ஒன்று. சமவெளியில் கிடைக்கும் அந்தக் கொஞ்ச மழையும் சில நாட்களுக்குள் பெய்து முடிந்துவிடும். எனவே இங்கு வாழும் பூச்சி, மழை பெய்யும் அந்த நாட்களில் வாழ்ந்து, மிச்ச நாட்களை உறங்கிக் கழிக்கக் கற்றிருக்க வேண்டும்.

நீங்கள் கண்ட வெள்ளை அந்து, நிலக்கடலையைத் தின்னும் சிவப்புக் கம்பளிப்புழுவின் தாய். வெள்ளைச் சிறகு, முன்சிறகின் விளிம்போரம் மஞ்சள் கோடு, பின்சிறகில் கரும்புள்ளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். போன ஆண்டு கடலையைத் தின்று கொழுத்த புழு, வரப்போரத்திலும் மரத்தடியிலும் ஒரு சாண் ஆழத்துக்குள் மண்ணில் புகுந்து கூட்டுப்புழுவாகி, ஏறத்தாழ பத்து மாதம் உண்ணாமலும் அசையாமலும் கிடக்கிறது. கால் வைக்க முடியாமல் மேல்மண் கொதிக்கும் உச்சிவேளையிலும் அந்த ஆழத்தில் சூடு அவ்வளவாக ஏறுவதில்லை. மழைநீர் மண்ணுக்குள் இறங்கி அந்த ஆழத்தை நனைப்பதே அதற்கு எழுப்புமணி. சிறு தூறலுக்கு அது ஏமாறுவதில்லை. பலத்த மழை வேண்டும். கடலை முளைத்து இலை விடும் காலமும் முட்டை பொரிந்து புழு வெளிவரும் காலமும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன என்பதுதான் உழவனுக்கு வினை.

எங்கள் அப்பாரு மழை விட்ட மறுநாள் இரவு பெட்ரோமாக்ஸ் விளக்கை முக்காலியின் மேல் வைத்து, கீழே அகன்ற அண்டாவில் தண்ணீர் ஊற்றி அதில் மண்ணெண்ணெயைத் தெளித்து வைப்பார். விடிந்து பார்த்தால் தண்ணீரே தெரியாதபடி அந்து மிதக்கும். ஒரு தாய் அந்து இலைகளின் அடியில் நூற்றுக்கணக்கில் முட்டையிடும் என்பதை அறிந்த பிறகுதான் அந்த அண்டாவின் மதிப்பு எனக்கு விளங்கியது. ஓரிரு நாள் தவறினால் அந்த வேலையால் பயனில்லை.

ஈசலின் கதை இதிலிருந்து சற்றே வேறுபட்டது. கரையான் உறங்குவதில்லை, புற்றுக்குள் ஈரத்தைச் சேமித்து ஆண்டு முழுவதும் உழைக்கிறது. சிறகு முளைத்தவை மட்டும் மழைக்காகக் காத்திருக்கும். ஈரக்காற்றில்தான் அவை காய்ந்து சாகாமல் பறக்க முடியும். நனைந்த மண்ணைத்தான் ஆணும் பெண்ணுமாய் இறங்கிய ஒரு ஜோடி தோண்டி உள்ளே போக முடியும்.

கேள்வி: தென்னையில் வெள்ளை ஈ தை, மாசியில் ஏறத் தொடங்கி, ஆனி, ஆடி மழை பிடித்ததும் குறைகிறது. மருந்தடித்தாலும் திரும்ப வருகிறது. இது எங்கள் ஊரை விட்டுப் போகவே போகாதா?
— தென்னை விவசாயி, பொள்ளாச்சி

பதில்: ஒளிவுமறைவின்றிச் சொல்வதானால், போகாது. அடங்கி இருக்கும், சில கோடைகளில் மீண்டும் தலைதூக்கும். ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ என்னும் இந்தப் பூச்சியின் தாயகம் நடு அமெரிக்கா. பெலிஸ் நாட்டிலிருந்து கிடைத்ததைக் கொண்டு 2004 ஆம் ஆண்டில் இதற்குப் பெயர் சூட்டினார்கள். 2009 இல் அமெரிக்காவின் புளோரிடாவில் தென்பட்டது. 2016 இல் இந்தியாவில் முதன்முதலாக உங்கள் பொள்ளாச்சித் தென்னையில் பதிவாயிற்று. இந்த மூன்று இடங்களையும் மனத்தில் வைத்துப் பாருங்கள்: கடுங்குளிர் நிலைக்காத, தென்னையும் பனையினத்து மரங்களும் வளரும் வெப்பநிலங்கள். பூச்சி கடல் கடந்து வந்தாலும் அதற்கு உகந்த தட்பவெப்பத்தைக் கடந்து வரவில்லை.

கைக்கெட்டும் ஓர் அடிமட்டையைச் சாய்த்து ஓலையின் அடிப்புறத்தை உற்றுப் பாருங்கள். வெண்மெழுகு பூசிய முட்டைகள் கைரேகை போலச் சுருள் சுருளாக வைக்கப்பட்டிருக்கும். பஞ்சு ஒட்டியது போன்ற இழைகளுக்கு நடுவே தட்டையான இளம்பூச்சிகள் அசையாமல் சாற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கும். அவை கழிக்கும் இனிப்பு நீர் சொட்டி, கீழே உள்ள மட்டையும் ஊடுபயிராக நிற்கும் வாழையும் கோகோவும் கரும்பூசணம் படிந்து புகைபோக்கி போல ஆகிவிடும். ஓலையின் அடிப்புறம் என்பது இந்தப் பூச்சிக்குத் தனி நாடு. மேலே வெயில் எரிக்கும்போதும் அங்கே நிழல். இலை மூச்சுவிடும் ஈரமும் அங்கே கிடைக்கும். வானிலை நிலையத்தில் குறிக்கப்படும் வெப்பம் ஒன்று, பூச்சி வாழும் இடத்தின் வெப்பம் வேறொன்று என்பதை மறந்துவிட்டால், ஏன் இந்த வெயிலிலும் இது பெருகுகிறது என்பது புதிராகவே இருக்கும்.

பலத்த மழை இளம்பூச்சிகளையும் ஈக்களையும் அடித்துத் தள்ளுவதால்தான் பருவமழையில் எண்ணிக்கை சரிகிறது. மழையில்லாத மாதங்கள் அதற்கு அறுவடைக் காலம். ஓலையடியாகிய இதே நாட்டுக்குள் என்கார்சியா என்னும் மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவியும் இருக்கிறது. வெள்ளை ஈயின் இளம்பூச்சிக்குள் முட்டையிட்டு அதைத் தின்றே வளர்கிறது. ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் காலியான கூடுகளைப் பாருங்கள். ஈ வெளிவந்திருந்தால் முதுகில் ஒரு பிளவு இருக்கும்; குளவி வெளிவந்திருந்தால் வட்டத் துளை இருக்கும். வட்டத் துளைகள் மிகுந்த தோப்பில் மருந்தடிப்பது நமக்காக வேலை செய்யும் கூலியாளை விரட்டுவதற்குச் சமம். நீங்கள் அடித்த மருந்துக்குப் பின் ஈ திரும்பி வந்ததற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும். கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதா மாவைப் பசையாகக் காய்ச்சித் தெளித்தால், காய்ந்ததும் செதிலாக உரிந்து விழும். ஓலையின் அடிப்புறத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுவதும் நல்லது. மழை செய்யும் வேலையைத்தான் அது செய்கிறது.

கேள்வி: எந்தப் புதிய பூச்சி வந்தாலும் கோவை, பொள்ளாச்சி, சேலம் என்றே செய்தி வருகிறது. எங்கள் மரவள்ளியும் மாவுப்பூச்சியால் போயிற்று. இந்த மண்ணில் அப்படி என்ன இருக்கிறது?
— விவசாயி, ராசிபுரம்

பதில்: நீங்கள் சொல்வதற்குச் சான்றுகள் இருக்கின்றன. காப்பிக்காய்த் துளைப்பான் இந்தியாவில் முதலில் அறியப்பட்டது 1990 இல், நீலகிரியின் கூடலூரில். பப்பாளி மாவுப்பூச்சி 2008 இல் கோவையில். அது பப்பாளியோடு நில்லாமல் மல்பெரியையும் மரவள்ளியையும் பதம்பார்த்தது. தென்னை வெள்ளை ஈ 2016 இல் பொள்ளாச்சியில். உங்கள் மரவள்ளி மாவுப்பூச்சி 2020 இல் பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால் திருச்சூரில் கண்டறியப்பட்டு, பின்னர் நாமக்கல், சேலம் பக்கம் பரவியது.

உறைபனி நிலைக்காத சமவெளி, அதிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் காப்பி விளையும் நடுமலை, அதற்கும் மேலே தேயிலையும் குளிரும், ஒரு பக்கம் மழைக்காடு, மறுபக்கம் வேலமரக் காடு என்று இத்தனை தட்பவெப்பங்களும் நெருங்கி அமைந்த நிலம் குறைவு. வெப்பநாட்டிலிருந்து எந்தப் பூச்சி வந்து இறங்கினாலும் அதற்கு ஏற்ற படிக்கட்டு ஒன்று இங்கே காத்திருக்கிறது. இது ஒரு காரணம். மற்றொரு காரணத்தை அதிகம் பேர் சொல்வதில்லை. சைதாப்பேட்டையில் இருந்த வேளாண் கல்லூரி 1906 இல் கோவைக்கு வந்தது. 1971 இல் பல்கலைக்கழகமாயிற்று. பூச்சியைப் பார்த்ததும் இது புதிது என்று அடையாளம் காணும் கண்கள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இங்கு இருக்கின்றன. முதலில் பதிவான இடம் என்பதும் முதலில் வந்திறங்கிய இடம் என்பதும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. செய்தியில் கோவையின் பெயர் அடிபடுவதை வைத்து மண்ணைக் குறை சொல்வது எனக்கு உடன்பாடில்லை.

மாவுப்பூச்சி வறண்ட மாதங்களில் ஏறி மழையில் இறங்குவது தென்னை வெள்ளை ஈயைப் போலத்தான். பப்பாளி மாவுப்பூச்சிக்கு எதிராக 2010 இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோபேகஸ் என்னும் ஒட்டுண்ணிக் குளவி வரவழைக்கப்பட்டு, அந்தத் தொல்லை கண்கூடாகத் தணிந்தது. மரவள்ளிக்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அனகைரஸ் குளவியைக் கொண்டுவந்து, 2022 இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வெளியிட்டார்கள். குளவியை எந்த நாட்டிலிருந்து எடுக்கிறோம் என்பதிலும் தட்பவெப்பப் பொருத்தம் பார்க்க வேண்டும். குளிர்நாட்டுக் குளவியை ராசிபுரத்து மாசி வெயிலில் விட்டால் அது ஒரு வாரம்கூடத் தாங்காது.

கேள்வி: நீலகிரியிலும் ஆனைமலையிலும் ஒரே குளிர், ஒரே சோலைக்காடு. ஆயினும் சில பட்டாம்பூச்சிகள் ஒன்றில் மட்டுமே இருப்பதாகப் படித்தேன். பறக்கத் தெரிந்த உயிருக்கு இடையிலுள்ள தூரம் ஒரு தடையா?
— கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்

பதில்: தூரம் தடையாக இல்லை, நடுவில் இருப்பதுதான் தடை. வடக்கே 2,637 மீட்டர் தொட்டபெட்டா, தெற்கே 2,695 மீட்டர் ஆனைமுடி, நடுவே மலைத்தொடர் 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்கு அறுந்து பாலக்காட்டுக் கணவாய் ஆகிவிடுகிறது. நீங்கள் கோவையிலிருந்து பாலக்காட்டுக்கு ரயிலில் போனால் ஏறியதும் தெரியாது, இறங்கியதும் தெரியாது. அவ்வளவு தாழ்வான நிலம். ஆடி மாதக் காற்று இந்த வாயில் வழியாகத்தான் உடுமலை, பல்லடம் வரை பாய்ந்து காற்றாலைகளைச் சுழற்றுகிறது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நம்மவர் பேச்சு. ஆனால் சோலை நிழலில் தாழப் பறந்து பழகிய ஒரு பட்டாம்பூச்சி அந்த வெக்கையையும் வெட்டவெளியையும் கடக்கத் துணிவதில்லை. அதற்கு இரண்டு மலைகளும் இரண்டு தீவுகள். நடுவிலுள்ள தென்னந்தோப்பும் நெல்வயலும் கடல்.

புஷ்பிரவுன் என்று ஆங்கிலத்தில் வழங்கும் பழுப்புப் பட்டாம்பூச்சிகளைச் சான்றாகச் சொல்லலாம். அவற்றுள் ரெட்-ஐ என்னும் இனம் கணவாய்க்கு வடக்கே நீலகிரி, வயநாட்டு மலைகளில் இருக்கிறது. அதன் உறவான ரெட்-டிஸ்க் தெற்கு மலைகளில் மட்டும் இருக்கிறது. நீங்கள் கேட்டது இந்தப் பிரிவைப் பற்றித்தான் என்று நினைக்கிறேன்.

இதைவிடப் பெரிய அளவிலும் இதே கதை உண்டு. இமயமலையில் பல இனங்களாக வாழும் பம்பிள்பீ என்னும் மயிரடர்ந்த பெரிய தேனீ, நீலகிரியின் குளிரும் பூக்களும் அதற்குப் போதும் என்று தோன்றினாலும், தென்னிந்தியாவில் இயற்கையாக இல்லை. நடுவில் தக்காணத்து வெயில். அதே நேரம், வடபுலக் குளிர்நாட்டுக் குடும்பத்தைச் சேர்ந்த நீலகிரி கிளவுடட் யெல்லோ என்னும் மஞ்சள் பட்டாம்பூச்சி நம் உயர்மலைப் புல்வெளிகளில் பறக்கிறது. பனியுகக் காலங்களில் சமவெளியும் குளிர்ந்திருந்தபோது தெற்கே பரவி, வெப்பம் திரும்பியதும் மலையுச்சிகளில் ஒதுங்கிய உயிர்களுள் இதுவும் ஒன்று என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். ஒரு பூச்சி ஓர் இடத்தில் இல்லை என்றால், அந்த இடம் அதற்கு ஒவ்வாது என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. வழி கிடைக்காமல் போயிருக்கலாம்.

இன்னொன்றையும் நீங்கள் கோவையிலிருந்தே பார்க்கலாம். கருஞ்சிறகில் நீலத் திட்டுகள் கொண்ட டார்க் புளூ டைகர், கரும்பழுப்பு நிறக் காமன் க்ரோ போன்ற பட்டாம்பூச்சிகள் கோடை இறுதியில், தென்மேற்குப் பருவமழைக்கு முன்னதாக, மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து சமவெளியையும் கிழக்கு மலைகளையும் நோக்கி ஆயிரக்கணக்கில் பறந்து போகின்றன. ஐப்பசி, கார்த்திகை வாக்கில் அவற்றின் வழித்தோன்றல்கள் மேற்கே திரும்புகின்றன. வறண்ட காட்டில் அவை கோடையைத் தாங்குவதில்லை, மலைமேல் பெருமழையையும் தாங்குவதில்லை. ஆகவே ஆண்டுக்கு இரண்டு ஊர் வைத்துக்கொண்டிருக்கின்றன. சோலைப் பட்டாம்பூச்சிக்குச் சுவராக நிற்கும் அதே கொங்குச் சமவெளி இவற்றுக்கு நடைபாதை.

கேள்வி: வெளியே 38 டிகிரி அடிக்கும் சித்திரையில் எங்கள் பட்டுப்புழு கூடு கட்டுகிறதே, அது எந்த ஊர்ப் பூச்சி?
— பட்டு வளர்ப்போர், உடுமலைப்பேட்டை

பதில்: சீனத்தில் பழக்கப்படுத்தப்பட்ட அந்தப் பூச்சிக்கு இன்று காட்டில் ஊரே கிடையாது, உங்கள் மனைதான் அதன் ஊர். இளம்புழுவுக்கு 27, 28 டிகிரியும் 85 விழுக்காட்டுக்கு மேல் ஈரப்பதமும், முதிர்ந்த புழுவுக்கு 24, 25 டிகிரியும் 70 முதல் 75 விழுக்காடு ஈரப்பதமும் நீங்கள் தருகிறீர்கள். நனைத்த சாக்கும் புகைமூட்டம் போல நீர் தூவும் கருவியும் கூரைமேல் பரப்பிய தென்னங்கீற்றும் சேர்ந்து, வெயில் காயும் உடுமலைக்குள் ஒரு சிறிய மலைநாட்டை உண்டாக்குகின்றன. சன்னலில் வலை கிழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; நீங்கள் உண்டாக்கிய அந்தத் தட்பவெப்பம், பட்டுப்புழுவைத் தின்று வளரும் ஊசி ஈக்கும் பிடித்தமானதே.

கேள்வி: மஞ்சள் குடோனில் ஒரு மூட்டையில் வண்டு துளைத்திருக்கிறது, அடுத்த மூட்டை நன்றாக இருக்கிறது. ஒரே கூரைதானே?
— மஞ்சள் வணிகர், ஈரோடு

பதில்: கூரை ஒன்றானாலும் ஈரம் ஒன்றல்ல. நன்றாகக் காயாத மூட்டை வண்டுக்கு வளமான ஊர். ஈரம் 10 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்படி காய்ந்தது அதற்குப் பாலை. சுவரையும் வெறுந்தரையையும் தொட்டுக்கொண்டிருந்த மூட்டை எது என்று பாருங்கள்.

கேள்வி: உலகத்தில் பூச்சியே இல்லாத இடம் உண்டா?
— ஏழாம் வகுப்பு மாணவன், சத்தியமங்கலம்

பதில்: நல்ல கேள்வி, தம்பி. பனிக்கண்டமான அண்டார்க்டிகாவில்கூடச் சிறகில்லாத ஒரு சிறு ஈ இருக்கிறது. உன் சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. குளிர்காற்று தூக்கிப் போய்விடும் இடத்தில் சிறகால் என்ன பயன்? அது பனிக்கு அடியில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளைப் புழுவாகவே கழித்துவிட்டு, சில நாட்கள் மட்டும் ஈயாக நடமாடும். கொசுவே இல்லாத நாடு என்று பெயரெடுத்திருந்த ஐஸ்லாந்திலும் 2025 அக்டோபரில் முதன்முறையாக இயற்கைச் சூழலில் மூன்று கொசுக்கள் பிடிபட்டன.

பூச்சிகளால் பெரும்பாலும் பிடிக்க முடியாத இடம் கடல்தான். பத்து லட்சம் வகைப் பூச்சிகளுக்கு மனிதர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். அவற்றுள் கரையே தெரியாத நடுக்கடலில் வாழ்நாள் முழுவதும் வாழ்பவை ஐந்தே ஐந்து. அவையும் தண்ணீருக்குள் இறங்குவதில்லை. நீர்ப்பரப்பின் மேலேயே ஓடித் திரிகின்றன. அவற்றின் உறவுக்காரப் பூச்சி உங்கள் ஊர் பவானி ஆற்றங்கரையில், ஓட்டமில்லாத நீர்த்தேக்கங்களில், நீண்ட கால்களைப் பரப்பிக்கொண்டு வழுக்கி வழுக்கி ஓடும். உச்சிவெயிலில் போனால், ஒவ்வொரு பாதத்தின் கீழும் தண்ணீர் சிறு குழியாக அழுந்துவதும், அதன் நிழல் ஆற்றின் அடிமணலில் வட்ட வட்டமாக விழுவதும் தெரியும்.